ஆளுக்கொரு பேச்சு

எங்கள் மேல்வீட்டில் குழந்தைகளிடம் அப்பா ஒரு பேச்சு பேசுவார், அம்மா ஒரு பேச்சு பேசுவாள். அப்பா பேசுவது தமிழ். அம்மா பேசுவது இந்த ஊர்ப்பேச்சு. இரண்டு பேரும் தமிழ் ஜனங்கள்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் தமிழில் அடிவாங்கிப் படித்து, கல்யாணம் கட்டிக்கொண்டு, பிழைக்க என்று இங்கே வந்தவர்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வதும் சண்டை போட்டுக்கொள்வதும் தமிழில்தான். குழந்தை பக்கம் திரும்பினால் மட்டும் அவளுக்கு வாய் மாறிவிடும். முதல்முதலாகப் பார்த்தபோது, இது என்னடி கூத்து என்று நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

கேட்டதற்கு அவள் சொன்ன கதை இது. பெரியவள் பிறந்த சமயம், குழந்தைகளுக்கு எடை பார்க்கிற இடத்தில் ஒரு நர்ஸ் இவர்களை உட்காரவைத்துப் புத்தி சொல்லியிருக்கிறாள். வீட்டில் இரண்டு மொழி இருந்தால் கலக்கக் கூடாது, அம்மாவுக்கு ஒன்று அப்பாவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள், பிரித்தால் கடைசிவரை மாற்றாதீர்கள், மாற்றினால் பிள்ளைக்கு ஒன்றுமே ஒழுங்காக வராது என்று. அம்மா ஒரு தேசம், அப்பா ஒரு தேசம் என்று இருக்கிற குடும்பங்களை மனதில் வைத்து அவள் சொன்னது. இவர்கள் இருவருக்கும் ஒரே தாய்மொழி என்று அவளுக்கு எங்கே தெரியும்? இவர்களும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மாதிரி அதை விடாமல் கடைப்பிடித்தார்கள்.

டைல்ஸ்காரருக்கு ஊர்ப்பேச்சு கொஞ்சம் தகராறு. ஆமாம், அவளுடைய வீட்டுக்காரரை எங்கள் தெருவே டைல்ஸ்காரர் என்றுதான் சொல்லும். நாள் முழுக்க ஆளில்லாத வீடுகளில் மண்டிபோட்டுத் தரை ஒட்டுகிற மனுஷனுக்கு யாரோடு பேசிப் பழக்கம் வரும்? அவள் என்னோடு லாண்டரியில் ஊர்ப் பெண்களுக்கு நடுவே நிற்பவள், சமாளித்துவிடுவாள். அதனால் தமிழ் அவர் பங்குக்குப் போயிற்று, ஊர்ப்பேச்சு இவள் பங்குக்கு வந்தது. பாகப்பிரிவினை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். முதலில் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது என்றாள்.

என்ன பழகிவிடுமாம்? அவளுடைய ஊர்ப்பேச்சு எல்லாம் லாண்டரியில் பொறுக்கியது. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. அங்கே என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? எடு, வை, இழு, மடி, இது ஈரம், இது கறை, சீக்கிரம். அந்தப் பேச்சில் அவளுக்கு வேலை வாங்க வரும், வைய வரும். கொஞ்ச வராது. அந்த மொழியில் யாரும் அவளைக் கொஞ்சியதில்லையே, பிறகு எப்படி வரும்? பெரியவளைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கும்போது வாயில் பாட்டு வரும். பாட்டில் இருக்கிற சொல்லெல்லாம் தமிழ் என்பதால் அதை விழுங்கிவிட்டு வெறும் ராகத்தை மட்டும் மூக்கால் இழுத்துக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்குத் தாலாட்டக்கூடத் தடையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய்த் தொலையட்டும், அடுத்த வீட்டு விவகாரம் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டேன் என்றால் எங்கள் வீட்டுக்காரர் நம்பமாட்டார்.

அவள் பேசாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து டைல்ஸ்காரர் பேசினார். வெளியே அந்த மனுஷன் இருக்கிற இடம் தெரியாது. வீட்டுக்கு வந்து, முழங்காலில் கட்டியிருக்கிற ரப்பர் பட்டையைக் கழற்றி, கை இடுக்கில் ஒட்டியிருக்கிற கலவையைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தாரானால் நிறுத்தமாட்டார். அன்றைக்கு ஒட்டிய குளியலறை, அதன் சுவர் ஏன் கோணல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், வீட்டுக்காரம்மா பாதி வேலையில் நிறத்தை ஏன் மாற்றச் சொன்னாள், எல்லாம் பெரியவளிடம் சொல்லியாக வேண்டும். அவளும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்பாள். அதனால் அந்தப் பிள்ளையின் தமிழில் பாதி கொத்தனார் தமிழ். தட்டில் சோறு ஒரு பக்கமாகச் சரிந்தால், மட்டம் சரியில்லை என்பாள். என்னைப் பார்த்தால், வாங்க பெரியம்மா, உக்காருங்க என்று அவர் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு நாற்காலியை இழுத்துப் போடுவாள். அடுத்த நொடி அம்மா பக்கம் திரும்பினால் ஊர்ப்பேச்சு. அம்மா என்று கூப்பிடுவதற்கும் ஊர்ச்சொல்தான். தமிழில் 'அம்மா' என்று அவளைப் பார்த்து அவள் பெற்ற பிள்ளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

சின்னவள் பிறந்தபோதும் அதே ஏற்பாடுதான். அது இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அம்மாக்காரி அதைப் பகலில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். முழங்கால் போனதிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வீட்டோடுதான் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். அவரால் குழந்தைக்கு மொழிக்குழப்பம் வருமோ என்று டைல்ஸ்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். கவலையே படாதீர்கள், அவர் எந்த மொழியிலும் பேசமாட்டார் என்றேன்.

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். யாரோ ஒருவருடைய புதுவீட்டில், குளியலறைச் சுவருக்குக் கீழ்வரிசை ஒட்டிக்கொண்டிருந்தவர், கையில் கரண்டியோடு அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாராம். கூட வேலை செய்தவன், களைப்பாற உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அடுத்த கலவையைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதற்குள் நெஞ்சு நின்றுபோயிருந்தது. கான்ட்ராக்டர் லாண்டரிக்கு வந்து எங்கள் மேஸ்திரியம்மாவிடம் சொல்ல, அவள் ரோலரை நிறுத்தச் சொன்னாள். வேலை நேரத்தில் ரோலர் நின்று நான் பார்த்ததே இல்லை. நீராவி சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மேல்வீட்டுக்காரி அழவில்லை. விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். நான் கைவிட்டுவிட்டேன். அவள் அதைக் கீழே விழாமல் பிடித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துத் தனியாகவே மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்து, கையால் ஒருதரம் தடவிவிட்டாள். அதன் பிறகுதான் ஏப்ரனைக் கழற்றினாள்.

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு நாங்கள் அவர்கள் வீட்டில் இருந்தோம். மாடிப்படியில் அவள் கால்சத்தம் கேட்டது. இப்போதாவது இவள் எல்லாவற்றையும் உதறிவிட்டு, பிள்ளையைக் கட்டிக்கொண்டு தன் பேச்சில் கதறிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய்க் கதவைத் திறந்தாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்று ஊர்ப்பேச்சில் சொன்னாள். ஒரே வரி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நின்றாள், வேறு சொல் தேடுகிற மாதிரி. ஷூவைக் கழற்று, நனைந்திருக்கிறது என்றாள். பிள்ளை சரி என்று அதே பேச்சில் சொல்லி, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். எனக்கே வெட்கமாக இருந்தது.

அடக்கம் முடிந்தது. அவள் வேலைக்குத் திரும்பினாள், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் எங்கள் கூரைக்கு மேலே அவர் குரல் முணுமுணுவென்று ஓடிக்கொண்டே இருக்கும். என்ன பேசுகிறார் என்று புரியாது, ஆனால் பக்கத்தில் குழாய் திறந்திருக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது நாற்காலி நகர்வது கேட்கிறது, பாத்திரம் வைப்பது கேட்கிறது, நடுநடுவே அவள் குரல். சாப்பிடு. பல் தேய். விளக்கை அணை. லாண்டரியில் எங்களிடம் பேசுகிற அதே குரல்.

டைல்ஸ்காரருக்குச் சொந்த ஊரில் ஓர் அண்ணன். வாரம் தவறாமல் போன் செய்வார். முன்பு பெரியவள் அப்பா கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசுவாள். இப்போது கையில் கொடுத்தால் காதில் வைத்துக்கொள்வாள், அவர் கேட்பதையெல்லாம் கேட்பாள், பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அந்த மனுஷன் உடைந்தே போனார். போனை எல்லாரும் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"பேச்சை மட்டும் விட்டுடாதம்மா. அவன்தான் போய்ட்டான். புள்ளைங்க தமிழையும் விட்டுட்டா, அவன் அந்த வீட்ல இருந்ததுக்கு என்ன அடையாளம் இருக்கு சொல்லு?"

சரிங்க, சரிங்க என்றாள். போனை வைத்துவிட்டு முட்டை வேகவைக்கப் போனாள். நான் அவள் பின்னாலேயே போய், இப்படிக் கல்லு மாதிரி இருக்கியே, உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"அவர் சொல்றது புரியுதுக்கா. ஆனா எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது. எல்லாம் மரத்துப் போச்சு. என் கையை நானே கிள்ளிப் பார்த்தா, வேற யார் கையையோ கிள்ளுற மாதிரி இருக்கு."

பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். நன்றாகப் படிக்கிறாள், எல்லாரோடும் சேர்கிறாள், எழுத்து முன்னைவிடத் திருத்தம் என்று டீச்சர் சொன்னாளாம். அவர்களுக்கு ஊர்ப்பேச்சு வந்தால் போதும், அது குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. நானும் ஒருநாள் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டு மேலே போய், என்னடி கண்ணு, பெரியம்மாகிட்டகூடப் பேசமாட்டியா என்று கேட்டுப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள், மரியாதைக்குக் குறைவில்லை. உட்காருங்கள் என்று ஊர்ப்பேச்சில் சொன்னாள். இத்தனை நாள் பெரியம்மாவாக இருந்த நான் யாரோ கீழ்வீட்டு அம்மாள் ஆகிப்போனேன்.

லாண்டரியில் விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, பாதியாக மடித்து, நடந்து கிட்டே வந்து முனைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பின்னால் போக வேண்டும். கிட்டே வரும்போதுதான் பேச முடியும். தள்ளிப் போய்விட்டால் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எங்கள் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான் ஓடும். அன்றைக்கு நான் ஒரு முடிவோடுதான் அவளுக்கு எதிரே நின்றேன்.

"இனிமே நீதான் அதுங்ககிட்ட தமிழ்ல பேசணும். வேற யார் இருக்கா?"

"அது அவர் பங்குக்கா."

"ஆளே போயாச்சு. அப்புறம் என்ன பங்கு, பாகம்?"

அவள் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். அடுத்த விரிப்புக்குக் கிட்டே வந்தபோது, பேசிப் பார்த்தேன் என்றாள். நான் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவள் கத்தினாள், நகரச் சொல்லி.

விரிப்பு விரிப்பாக அவள் சொல்லி முடித்தது இது. முந்தின வாரம் சாப்பிடும்போது, சாப்பிடு கண்ணு என்று பெரியவளிடம் தமிழில் சொல்லியிருக்கிறாள். சொன்னது தன் காதுக்கே கூச்சமாக இருந்ததாம், யாரோ ஒருவருடைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. பிள்ளை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். நீ அதில் பேசக் கூடாது, அது அப்பாவுடையது, நீ உன்னுடையதில் பேசு என்று ஊர்ப்பேச்சில் சொல்லியிருக்கிறாள். கோபமில்லை, அழுகையில்லை, டீச்சர் தப்பைத் திருத்துகிற மாதிரி. சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

"அப்புறம் என்ன பண்ணே?"

"ஊர்ப்பேச்சுல சாப்பிடுன்னேன். சாப்பிட்டா."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இந்த ஏற்பாட்டைக் குழந்தைக்கு எடை பார்க்கிற இடத்தில் அந்த நர்ஸ் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள், இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையையும் பிடிக்கவைத்துவிட்டார்கள். இப்போது பெற்றவளே உள்ளே நுழைய வழியில்லாமல் வாசலில் நிற்கிறாள். கட்டினவர்களாலேயே இடிக்க முடியவில்லை என்றால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

பிறகு ஒருநாள் பாய்லர் பழுது என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். அவள் கடைக்குப் போனாள், நான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார், நன்றாகத்தான் பிள்ளை பார்த்தார். பின்னறையில் ஆண்குரல் மாதிரி ஒன்று கேட்டது. அடங்கின குரல்.

எட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவள். தரையில் மண்டிபோட்டிருந்தாள். சோப்பு வந்த காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சதுரம் சதுரமாக வெட்டி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே சின்னவள் ஓர் அட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இங்க பாருடா ராசாத்தி. மூலையில ஆரம்பிக்கவே கூடாது. எந்த வீட்லயும் மூலை நேரா இருக்காது. நடுவுல நூல் புடிச்சுக்கணும். அங்கேர்ந்து ஒட்டிக்கிட்டு போனா, வெட்டுத் துண்டெல்லாம் ஓரத்துக்குப் போயிடும், கண்ணுல படாது. புரியுதா?"

டைல்ஸ்காரரேதான். அந்த இழுப்பு, நடுவில் தொண்டையைச் செருமுவது, 'புரியுதா' என்று கடைசியில் தலையைச் சாய்ப்பது. என்னைப் பார்த்ததும் பெரியவள் நிறுத்திவிட்டாள். எழுந்து நின்று, சின்னவளுக்கும் அப்பா பேச்சு வர வேண்டும், யாராவது பேசினால்தானே வரும், அப்பா இல்லை, அதனால் அவருடைய பங்கை நான் செய்கிறேன் என்று ஊர்ப்பேச்சில் எனக்கு விளக்கம் சொன்னாள். சின்னவளிடம் மட்டும்தான் அதில் பேசுவாளாம், வேறு யாரிடமும் பேசுவது சரியில்லையாம். எட்டு வயசுப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி நின்று சொல்கிறாள். சரி கண்ணு என்றேன்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது இதை அவள் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவதான் சின்னதைக் குளிப்பாட்டுறா. அப்ப உள்ள பேசிக்கிட்டே இருப்பா. நான் வெளியே நின்னு கேப்பேன்."

"கதவைத் திறந்து உள்ள போக வேண்டியதுதானே? நானும் இருக்கேன்டின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"போனா நிறுத்திடுவாக்கா. அவ நிறுத்திட்டா அவரும் நின்னுடுவாரு."

மழைக்காலம் தொடர்ந்தது. வெளியே எதுவும் காயாததால் சின்ன ஹோட்டல்காரர்களும் எங்களிடமே அனுப்ப ஆரம்பித்தார்கள், வேலை இடுப்பை ஒடித்தது. அவள் ஆள் இருப்பதே தெரியாமல் வேலை செய்தாள். மேஸ்திரியம்மா அவளைப் பார்த்து எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள், பாவம்.

ஒருநாள் அவளை ரோலரில் நிற்கவைத்தார்கள். நீராவியில் கொதிக்கிற இரும்பு உருளை அது, ஆள் உயரத்துக்கு நீளம். ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் உள்ளே விட வேண்டும். வாய் ஓரத்தில் இருக்கிற தகடு தோசைக்கல் மாதிரி காயும். தெரியாமல் பட்டால் யாராக இருந்தாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்வோம். அவள் உள்ளங்கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, விரிப்பு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். எனக்கு முதலில் வாடைதான் வந்தது. ஏதோ துணி கருகுகிறது என்று திரும்பினேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தோல் தகட்டோடு போயிற்று. அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பட்டுடுச்சுக்கா என்றாள், மழை வருது என்று சொல்கிற மாதிரி.

பக்கத்து கிளினிக்கில் மருந்து தடவி, மணிக்கட்டுவரை பெரிய கட்டாகப் போட்டு அனுப்பினார்கள். குடையை அவளுக்குப் பிடித்துக்கொண்டு, நான் நனைந்துகொண்டு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெரியவள் பள்ளிக்கூடம் முடிந்து அங்கேதான் இருந்தாள். சின்னதைச் சுவரோரம் உட்காரவைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு உதவிக்கு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை நிமிர்ந்து அந்தக் கட்டைப் பார்த்தாள். ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவிடம் நேராக வந்து நின்று, புருவத்தைச் சுருக்கி, தொண்டையைச் செருமினாள்.

"ஏண்டி, பார்த்து செய்யக் கூடாதா? எத்தன தடவ சொல்றது உனக்கு? இப்படி வா, உக்காரு. வலிக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயை டி போடுகிறாளே என்று கையை ஓங்கியேவிட்டேன். ஓங்கின பிறகுதான் விளங்கியது. என்னிடம் எப்படிப் பேச வேண்டும், போனில் பெரியப்பாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன், அம்மாவிடம் தமிழில் எப்படிப் பேசுவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு அந்த வீட்டில் தேவையே வரவில்லை. அவளைப் பார்த்துத் தமிழ் பேச அந்தப் பிள்ளையிடம் வேறு தமிழே கிடையாது, அவர் பேசினதுதான் இருந்தது. நான் கையை இறக்கினேன்.

மேல்வீட்டுக்காரி அவள் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள்.

சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை ஓரடி பின்னால் போய் என்னைப் பார்த்தாள். அந்த 'ங்க' யாருக்கு உரியது என்று அவளுக்கும் தெரியும். பயந்துபோயிருந்தாள்.

"இங்க வா" என்றாள் அம்மா. தமிழில். "கிட்ட வாடி. நான் உங்கம்மா. நீ என் பொண்ணு. நீ கேட்டு நான் பதில் சொல்ற மாதிரி ஆகக் கூடாது. நீ என்னை டி போடக் கூடாது."

"அப்பா அப்படித்தான பேசுவாரு."

"அப்பா பேசலாம். நீ அம்மான்னு கூப்பிடணும்."

நீ இதில் பேசக் கூடாது என்று பிள்ளை இப்போது திருத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பேசியபோது குரலில் செருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. எட்டு வயசுக் குரல்.

"அம்மா, அப்பா செத்துட்டாரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அன்னைக்கே சொன்னேனே கண்ணு."

"நீ அதுல சொன்ன. இதுல யாருமே சொல்லல."

நான் சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் பிள்ளையை இழுத்து மடிமேல் சாய்த்துக்கொண்டாள், எட்டு வயசுப் பிள்ளை மடி கொள்ளவில்லை. ஆமாடி, அப்பா செத்துட்டாரு, இனிமே வரமாட்டாரு என்றாள். அப்புறம் காலையிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர் குடை எடுக்காமல் போனது, தான் திட்டினது, புதுவீடு, குளியலறை, கீழ்வரிசை, சாய்ந்து உட்கார்ந்தது, கலவையோடு வந்தவன் கூப்பிட்டுப் பார்த்தது. ஒன்றையும் விடவில்லை. வார்த்தைக்கு நின்று தேடவும் இல்லை. அவளிடம் இத்தனை பேச்சு இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பிள்ளை எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவருக்கு வலிச்சுதாம்மா?"

"தெரியலடி" என்றாள். "எனக்குத் தெரியலடி கண்ணு. நான் பக்கத்துல இல்லடி."

அப்போதுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.